கவினுக்குப் பாக்கியிருந்த ஆறு வகுப்புகள்

பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கிய சூட்டோடு என்னைப் பார்க்க வருகிற தம்பி தங்கைகள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "கோச், தனியா ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா மணிக்கு எவ்ளோ வாங்கலாம்?"

கேட்பதில் தப்பில்லை. பெட்ரோல் சும்மா வருவதில்லை, பந்தும் சும்மா வருவதில்லை, மலாக்கா வெயிலில் நின்று கத்துகிற தொண்டைக்கும் ஒரு விலை உண்டு. நான் கடைசியாக மணிக்கு எண்பது மலேசிய வெள்ளி வாங்கினேன். சில பெற்றோர் சந்தையில் மீன் வாங்குவதுபோல் பேரம் பேசுவார்கள். சிலர் பேசாமல் கொடுத்துவிட்டு, மூன்றாவது வாரமே "எப்ப கோச் ஸ்டேட் டீமுக்கு ஆடுவான்?" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டு வகையையும் நீங்கள் சமாளித்துக்கொள்வீர்கள். எவ்வளவு வாங்கலாம் என்பதை ஊரே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். எப்போது வாங்கக் கூடாது என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் ஐம்பத்தெட்டு வயதில், இந்தத் தொழிலில் இருபது வருஷம் தள்ளிய பிறகு, வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

அதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் சொல்லிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. என் மனைவி எஸ்தர் மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

குருபோங்கில் ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பேட்டை, அதற்குள் ஒரு திடல். ஒரு பக்கம் வீடுகள், ஒரு பக்கம் சாலை, சாலைக்கு எதிர்ப்பக்கம் திடல் சரிந்து போய் வடிகால், அதன் ஓரம் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் செம்பனைத் தோட்டம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அங்கே கவின் என்கிற பையனுக்குக் கால்பந்துப் பயிற்சி. பதினோரு வயது. இடதுகால்காரன். அந்த வயதில் இடதுகால் பிள்ளை கிடைத்தால் எந்தக் கோச்சும் கொஞ்சம் கர்வப்படுவான், நானும் பட்டேன். விளையாட்டுப் பள்ளித் தேர்வுக்கு அவனைத் தயார்செய்யச் சொல்லித்தான் வீட்டில் என்னிடம் விட்டார்கள். அவனிடம் ஒரே குறை, பந்து காலுக்கு வந்துவிட்டால் தலை குனிந்துவிடும். சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பார்க்கமாட்டான். "தலையத் தூக்கு, தலையத் தூக்கு" என்று ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை சொல்வேன். "சரி கோச்" என்று நாற்பது தடவையும் சொல்வான், தலை மட்டும் நிமிராது.

அவனுடைய அப்பா சரவணன் பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சனிக்கிழமை ஓவர்டைம் செய்தால்தான் என் சம்பளம் கட்ட முடியும். அம்மா மாலதி தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் வேலை. ஐந்து மணிக்குப் பிள்ளைகளைத் திடலில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் என்றால் கவினும் அவன் தங்கை யாழினியும். அவளுக்கு எட்டு வயது. என் பந்துப் பையின்மேல் உட்கார்ந்து கெரோப்போக் தின்றுகொண்டே அண்ணன் ஆடுவதைப் பார்ப்பாள். ஆறரை மணிக்குச் சரவணன் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போவார். அவர் வரும்போது பயிற்சிக்கு வைக்கிற கோன்களெல்லாம் என் பைக்குள் போயிருக்கும்.

பத்து வகுப்புக்கு முன்பணமாக ஒரு பேக்கேஜ். நீங்களும் இப்போது அப்படித்தான் வாங்குகிறீர்கள். நான்கு வகுப்பு முடிந்திருந்தது. ஐந்தாவது சனிக்கிழமை அவன் வரவில்லை. டிங்கிக் காய்ச்சல். அடுத்த செவ்வாய்க்கிழமை பையன் இல்லை.

கருமக்கிரியை முடிந்து ஒரு வாரம் விட்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆறு வகுப்புக்கான காசை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கூடத்தில் அவன் படம், மாலை, விளக்கு. படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் நாசி லெமாக் சோறு, ஒரு கிளாஸில் சிராப். நான் கிறிஸ்தவன். எங்களுக்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியோடு முடிந்துவிடும். ஆனால் படையல் போடுகிற வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவன், எனக்கு அது புதிதில்லை. கவரை எடுத்து நீட்டினேன்.

"எதுக்கு கோச் இது?" என்றாள் மாலதி.

"பாக்கி ஆறு கிளாஸ் இருக்கும்மா. அதோட காசு."

அவள் கவரைத் தொடவில்லை. "அது அவன் கிளாஸ்தானே? அவனுக்கே குடுத்துருங்க."

எனக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். அவள் படத்தைக் காட்டினாள். அழவில்லை. சமையல் குறிப்பு சொல்கிற குரலில் சொன்னாள். "அவனுக்குப் புடிச்சதெல்லாம் வைக்கிறோம்ல கோச். நாசி லெமாக் வச்சாச்சி, சிராப் வச்சாச்சி. இதெல்லாத்த விட அவனுக்கு உங்க கிளாஸ்தான் புடிக்கும். வெள்ளிக்கிழமையே பூட்ஸ தொடச்சி வச்சிருவான். அத மட்டும் படைக்காம எப்படி வுட்றது?"

நான் சரவணனைப் பார்த்தேன். அவராவது அவளை அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் ஒரு நாள்கூட பார்த்ததில்ல கோச். நான் வர்றப்பல்லாம் நீங்க கோன எடுத்துக் கட்டிருப்பீங்க. அவன் எப்படி ஆடுவான்னே எனக்குத் தெரியாது. ஆறு கிளாஸ்தான். நானும் வந்து ஒக்காந்துக்கிறேன்லா."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் ஒரு காலத்தில் பத்து பெரண்டாமில் ஓவர்டைம் செய்தவன். பிள்ளைகள் வளர்ந்ததைச் சனிக்கிழமைகளில் பார்க்காமல் விட்டவன். அந்த மனிதர் சொன்னது எனக்கு நேராக நெஞ்சில் இறங்கியது. ஆறு மணி நேரம்தானே, அவர்களுக்கு ஒரு ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன். பாதி இரக்கம், மீதிப் பாதி, முகத்துக்கு நேராக மறுக்கத் தைரியம் இல்லாதது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கவரைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல வெயில். நான் நான்கு கோன்களைக் கோணலாக வைக்கிறேன். சாலையோரம் அவர்கள் கார் நிற்கிறது. முன்சீட்டில் அப்பாவும் அம்மாவும். பின்சீட்டில் யாழினி. நான் பந்தை வைத்துவிட்டு, ஆளில்லாத திடலைப் பார்த்து, "கவின், ரெடி?" என்கிறேன். சொன்னதும் எனக்கே உடம்பு கூசியது. ஒரு மணி நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ கத்தினேன். தினமும் அந்தத் திடலில் நடக்க வருகிற மலாய் அம்மா ஒருவர் இருந்தார். குறுக்கே நடந்து வந்து, "கோச், புடாக் மானா?" என்றார். பையன் எங்கே என்று கேட்கிறார். நான் கையை விரித்தேன். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடையைத் தொடர்ந்தார்.

இரண்டாம் வாரம் கூச்சம் குறைந்தது. மூன்றாம் வாரம் ஒன்று நடந்தது.

அந்தத் திடலில் நான் பந்தைத் தட்டிவிட்டால் அது கடைசிக் கோனைத் தாண்டிச் சரிவில் உருண்டு கம்பிவேலியில் போய்த்தான் நிற்கும். முதல் இரண்டு வாரமும் நானே நடந்துபோய் எடுத்துவந்தேன். மூன்றாம் வாரம் பந்து கடைசிக் கோனுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றது. கவின் கால் வைத்துப் பந்தை நிறுத்துகிற இடம் அதுதான். நகராண்மைக் கழகத்து ஆட்கள் அந்த வாரம் புல் வெட்டவில்லை, புல் தடுத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பந்து அதே இடத்தில் நின்றது.

அன்றைக்குத்தான் இன்னொன்றையும் கவனித்தேன். அந்த மலாய் அம்மா திடலுக்குக் குறுக்கே நடப்பதை விட்டுவிட்டார். கோன்கள் இருக்கிற இடத்தைச் சுற்றி, ஒருவர் விளையாடும்போது வழிவிடுவதுபோல், ஓரமாகவே நடந்தார்.

பயந்தீர்களா என்று கேட்பீர்கள். பயந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயந்தவன் நிறுத்தியிருப்பான். எனக்குப் பயம் வரவில்லை, ஆர்வம் வந்தது. "போ" என்று சொல்லிவிட்டு நான் காத்திருக்கிற நேரம், சரியாகக் கவின் நான்கு கோனைச் சுற்றிவர எடுத்துக்கொள்கிற நேரமாக இருந்தது. மனதுக்குள் எண்ணவில்லை, தொழில் பழக்கம், உடம்புக்கே தெரியும். ஐந்தாம் வாரம் நான் "திரும்பு" என்று குரல் கொடுத்துவிட்டு, "ஆங், அப்படித்தான்" என்றேன்.

என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், நான் சும்மா பாராட்டுகிற ஆள் இல்லை. பிள்ளை சரியாகச் செய்தால்தான் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும். அது தானாக வந்தது. எதற்கு வந்தது என்று யோசித்தபோது, அவன் தலையைத் தூக்கியிருந்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். கோன்களுக்கு நடுவில் வெயிலும் புல்லும்தான் இருந்தன. ஆனால் தெரிந்திருந்தது.

தனிப் பயிற்சியில் இருக்கிற ஆபத்து இதுதான், கேட்டுக்கொள்ளுங்கள். இருபது பிள்ளைகள் உள்ள குழுவில் உங்கள் கண் தப்பினாலும் மற்ற பிள்ளைகள் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். ஒரே பிள்ளை என்றால் நீங்களும் அவனும்தான். காரில் உட்கார்ந்திருக்கிற பெற்றோர் எதைப் பார்க்க ஆசைப்பட்டுக் காசு கட்டினார்களோ, அது உங்கள் கண்ணுக்கும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். உயிரோடு இருக்கிற பிள்ளைகள் விஷயத்திலும் இது நடக்கும். சுமாராக ஆடுகிற பையனைப் பார்த்து, "உங்க மகன்கிட்ட என்னமோ இருக்கு சார்" என்று நீங்கள் சொல்லப்போகிற அந்த நாளில் நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள். நிஜமாகவே அது உங்களுக்குத் தெரியும்.

ஆறாவது வகுப்பு முடிந்தது. நான் கோன்களை எடுத்துக்கொண்டிருந்தேன். சரவணன் காரைவிட்டு இறங்கி வந்தார். ஒரு கவரைக் கையில் கொடுத்தார். அதில் இன்னும் பத்து வகுப்புக்குக் காசு இருந்தது.

"இப்பதான் கோச் அவன் கொஞ்சம் நல்லா ஆடுறான்," என்றார்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். வாங்கிக்கொண்டேன். காசுக்கு ஆசைப்பட்டு வாங்கினேன் என்றால்கூட என்னை நானே மன்னித்திருப்பேன். அவன் தலை நிமிர ஆரம்பித்திருந்தான், இனி அந்த இடதுகாலில் கோல் ஷூட்டிங் ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது அடுத்த வாரத்துக்கு எத்தனை பந்து வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அந்தப் பத்தில் இரண்டு வகுப்பை அவனுக்கே எடுத்தேன்.

மாதக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு எழுதுவது என் வழக்கம். என்ன தேறியிருக்கிறது, என்ன தேறவில்லை, அடுத்து என்ன. பெற்றோருக்கு அது முக்கியம், கொடுத்த காசு எங்கே போனது என்று அதைப் பார்த்துத்தான் திருப்திப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதினேன். எஸ்தர் தட்டுகளை வைக்க வந்தவள், கடைசிக் கார்டை எடுத்துப் படித்தாள்.

"இடதுகால் நல்ல முன்னேற்றம். தலை நிமிர்கிறது. அடுத்த மாதம் ஷூட்டிங் தொடங்கலாம்."

"யாருக்கு இது?" என்றாள்.

"கவினுக்கு" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த கார்டைத் தேடினேன்.

அவள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை நான் எங்கே போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் துணையாகப் போய் நிற்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "இதுல பொய் ஏதும் இருக்குதா?" என்று கேட்டாள். நான் கார்டை வாங்கி ஒரு தடவை படித்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுகிற மாதிரி, கண்ணால் கண்டதை எழுதியிருந்தேன். ஒரு வரியிலும் ஆறுதல் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"சரி," என்றாள். "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?"

"எந்தப் பொண்ணு?"

கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குத் தலை குனிகிறது. எஸ்தர் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறாள். யாழினி படிக்கிற பள்ளி அது. அவள் சொன்னாள்: "ரெண்டு மாசமா தெனைக்கும் ரெண்டு பொட்டலம் வாங்குது. ஒண்ண தான் சாப்பிடும். இன்னொண்ண பிரிச்சி, பக்கத்துல யாரும் ஒக்காராத எடத்துல வைக்கும். மணி அடிச்சா அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிப் போயிரும். யாருகிட்டயும் பேசறதில்ல. டீச்சர் கேட்டா, 'படையல் டீச்சர், தொடாதீங்க'ன்னு சொல்லுதாம். நீங்க வாரா வாரம் பார்க்கிறீங்களே, ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியவில்லை. ஏழெட்டு வாரமாக ஒரு பிள்ளை அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கவின் உயிரோடு ஆடியதை முழுசாகப் பார்த்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவன் எப்படி ஆடுவான் என்று சரவணன் அவளைக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. பெற்றோர் இருவரும் ஆளில்லாத திடலைப் பார்க்கிறார்கள், கோச்சும் ஆளில்லாத திடலைப் பார்க்கிறான். அவளும் எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். இப்படியே விட்டால் அடுத்து எதைப் பக்கத்தில் எடுத்துவைப்பாள் என்று யோசித்தேன். அன்றிரவு அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டேன்.

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். எஸ்தர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க போகலன்னா அவங்க ரெண்டு பேரும் அங்க போய் கார்ல ஒக்காந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. அந்தப் புள்ளையும் பின்னால ஒக்காந்திருக்கும். ஆரம்பிச்சி வச்சது நீங்கதானே" என்றாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் கோன்களை வைத்தேன். பந்தைக் கடைசிக் கோனிடம் வைத்துவிட்டு நேராகக் காருக்குப் போனேன். மாலதி கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னைக்கு யாழினிய எறக்குங்கம்மா."

"இது கவின் கிளாஸ் கோச்." அவள் குரலில் கோபம் இருந்தது. சரவணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்று அவர்கள் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் வாதம் பண்ண எனக்கு என்ன யோக்கியதை. ஆனால் பின்சீட்டில் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா," என்றேன். "ஒங்க வீட்டுல படையல் போட்டா அப்புறம் அத என்ன செய்வீங்க?"

அவள் கண்ணாடியைப் பாதி ஏற்றினாள்.

"வீட்டுல இருக்கிறவங்க ஒக்காந்து சாப்பிடுவீங்கள்ல? அப்படியே வுட்டா கெட்டுப்போயிடும்மா. இத்தனை வாரமா நான் படைச்சிக்கிட்டே இருக்கேன். யாரும் வந்து சாப்பிடல." பிறகு பள்ளியில் நடப்பதை எஸ்தர் சொன்னபடியே சொன்னேன், இரண்டு பொட்டலத்தை. மாலதி திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பின்கதவைத் திறந்து விட்டது சரவணன்தான்.

யாழினி இறங்கி வந்தாள். பள்ளிக்கூட டிராக் சூட், காலில் வெள்ளைச் சப்பாத்து. சொல்லாமலே முதல் கோனுக்குப் பின்னால் போய் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் விசிலடித்தேன். அவள் நகரவில்லை.

"போம்மா," என்றேன்.

"அண்ணன் இன்னும் முடிக்கல கோச்."

மெதுவாகத்தான் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பயந்தும் சொல்லவில்லை. வரிசையில் முன்னால் ஆள் இருக்கிறது என்று சொல்கிற குரல். அவள் பார்வை இரண்டாம் கோனிலிருந்து மூன்றாம் கோனுக்குப் போனது, அங்கிருந்து நான்காவதுக்குப் போனது. நான் எத்தனை வாரமாக உடம்பால் எண்ணிக்கொண்டிருந்தேனோ, அந்த வேகத்திலேயே போனது.

அந்த நிமிஷத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அங்கே யாரும் இல்லை என்று அவளிடம் சொல்லலாம். நான் சொல்ல முடியுமா? எட்டு வாரமாக "கவின், தலையத் தூக்கு" என்று கத்தியவன் நான். அவள் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். இல்லையென்றால், இந்தத் திடலில் கோச் செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருந்தது, அதைச் செய்யலாம். இத்தனை வாரத்தில் நான் ஒரு வகுப்பைக்கூட முறையாக முடிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கடைசியில் சொல்வேன், போதும், பந்தைக் கொடு, தண்ணீர் குடி, வீட்டுக்குப் போ. கவினுக்குச் சொல்லவில்லை. கோன்களை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அவனைத் திடலிலேயே நிற்கவைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

நான் கடைசிக் கோனைப் பார்த்து நின்றேன். வழக்கமாகப் பேசுகிற குரலிலேயே பேச வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

"கவின், போதும்பா. நல்லா ஆடுன. தலைய நல்லாத் தூக்குன. பந்த தங்கச்சிகிட்ட குடு. தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்குப் போ."

காற்று இல்லை. சாலையிலும் வண்டி இல்லை. யாழினி கடைசிக் கோனுக்கு நடந்தாள். பந்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். குனிந்து எடுக்கவில்லை, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே குனிந்து எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் தலை மெல்லத் திரும்பியது. கார் பக்கம் திரும்பவில்லை. சரிவு, வடிகால், கம்பிவேலி, அதற்கப்பால் செம்பனை. அந்தப் பக்கம் யாரோ நடந்துபோவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் காரைப் பார்த்தேன். காருக்குள் மாலதியின் முகமும் செம்பனைப் பக்கமே திரும்பியிருந்தது.

"போயிட்டான் கோச்," என்றாள் யாழினி.

"சரிம்மா."

அவள் பந்தைத் தரையில் வைத்தாள். கோன்களைப் பார்த்தாள். "நான் லெஃப்ட்ல அடிக்கமாட்டேன்," என்றாள். "நான் ரைட்."

நான் நான்கு கோன்களையும் எடுத்து எதிர்ப்பக்கமாக மாற்றி வைத்தேன். அந்தப் பத்தில் மீதி எட்டு வகுப்பும் அவளுக்குத்தான் போனது. அதற்குப் பிறகு நான் அவர்களிடம் காசு வாங்கவில்லை, அவளும் ரொம்ப நாள் வரவில்லை. நீச்சல் பிடித்துப்போய் அங்கே போய்விட்டாள். அது பின்னால் நடந்தது. அன்றைக்கு அவள் ஆடியதைச் சொல்கிறேன். ஆட்டம் என்று ஒன்றும் இல்லை. அண்ணனிடம் இருந்ததில் ஒரு துளிகூட அவளிடம் இல்லை. இரண்டு கோனைத் தட்டிவிட்டாள், பந்தின்மேல் ஏறி ஒரு தடவை விழுந்தாள். முட்டியில் புல் ஒட்டியதைத் தட்டிவிட்டு மறுபடி வந்தாள். நான் பாராட்டவில்லை. "மறுபடி" என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தாவது தடவை அவள் ஓங்கி உதைத்த பந்து என் பக்கம் வராமல் சாலைக்குப் பறந்து, கார் கதவில் மோதியது. சரவணன் இறங்கினார். பந்தைக் கையில் எடுத்தார். கதவு நெளிந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. தொழிற்சாலை ஓவர்டைமில் எத்தனை வகுப்புக்குக் காசு கட்டியிருக்கிறார், ஒரு பந்தைக்கூட அவர் கையில் பிடித்ததில்லை என்று நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அப்பா, பந்தப் போடுங்கப்பா," என்று யாழினி திடல் நடுவிலிருந்து கத்தினாள்.

செம்பனைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த மாலதி அந்தக் குரல் கேட்டுத்தான் மகள் பக்கம் திரும்பினாள்.